எல்லா வேட்டைக்கும் ஒரு கண்ணாடி

பெக்தெனுக்கு இரண்டு கண்ணும் மங்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிர்கிஸ்தான் மலையில் இருக்கும் கரா-தால் ஊரில் அது அவனுக்கும் அவன் மனைவி ஜிபாருக்கும் மட்டும்தான் தெரியும். ஜிபாரிடமும் அவனாகச் சொல்லவில்லை. வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு நாயைத் தங்கள் ஆட்டுக்குட்டி என்று நினைத்து, கையில் உப்பை வைத்துக்கொண்டு அவன் கூப்பிட்டதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"நாரின் டவுனுக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க."

"தூசி விழுந்திருக்கு. தானாப் போயிடும்."

"ரெண்டு வருஷமா ஒரே தூசியா? ஆப்பரேஷன் பண்ணி அனுப்பிடறாங்களாம். உங்க தம்பி பொண்டாட்டி சைரக்கானோட அப்பா பண்ணிக்கிட்டு வரலையா?"

"ஊர்ல யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

ஜிபார் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவள் வாழ்நாளெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

பெக்தெனுக்கு நாற்பத்தொன்பது வயது. சொத்து என்று பார்த்தால் முப்பது ஆடு, ஐந்து குதிரை. அந்த ஊரில் இது ஒரு கணக்கே இல்லை. ஆனால் கல்யாண விருந்தில் அவனை மேல்வரிசையில் உட்கார வைத்து ஆட்டுத்தலையை அவன் முன்னால் வைப்பார்கள். காரணம் அவன் குறி. பத்தொன்பது வயதில் முதல் ஓநாயைச் சுட்டதிலிருந்து முப்பது வருடமாக, பனிக்காலத்தில் யார் பட்டியில் ஓநாய் புகுந்தாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கண் போய்விட்டது என்று தெரிந்தால் கதவைத் தட்ட மாட்டார்கள், ஆட்டுத்தலையும் வேறு பக்கம் போய்விடும். அவன் பயந்தது அதற்குத்தான். பயப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருந்தது.

அது அவன் தம்பி ஓஸ்கோன். ஒன்பது வயது இளையவன், சிரித்த முகம், எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவன். ஓநாய் வேட்டையில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முறைதான். பெக்தென் பாறை முகட்டில் துப்பாக்கியோடு படுத்திருப்பான். ஓஸ்கோன் கீழே பள்ளத்தாக்குப் புதருக்குள் நடந்தே புகுந்து தகரத்தைத் தட்டி ஓநாயைக் கிளப்புவான். அவன் தொப்பியிலும் முதுகிலும் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அந்தச் சிவப்பு எங்கே என்று கண்ணால் பார்க்காமல் பெக்தெனின் விரல் விசைக்குள் போகக்கூடாது. சுடுகிறவனின் கண்ணை நம்பித்தான் கீழே இருப்பவனின் உயிர். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

துப்பாக்கி மேல் பொருத்தியிருந்த, குறி பார்க்கும் கண்ணாடி அவர்கள் அப்பா காலத்துச் சோவியத் சாமான். நாலு மடங்குதான் பெரிதாக்கும். ஆனால் அகலமாகக் காட்டும். ஓநாயும் ஓஸ்கோனும் ஒரே வட்டத்துக்குள் தெரிவார்கள். அந்த இலையுதிர் காலத்தில் குதிரை ஒன்று சரிவில் உருண்டு துப்பாக்கி மேல் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. ஊரே உச்சுக்கொட்டியது. பெக்தெனுக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி. போன பனிக்காலத்தில் இரண்டு முறை குறி தப்பியதை "காத்து" என்று சொல்லிச் சமாளித்திருந்தான். இனி காற்று மேல் பழி போட வேண்டாம், பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்றை வாங்கிவிடலாம் என்று நினைத்தான்.

அண்ணன் தம்பி இருவரும் பஜாருக்குப் போனார்கள். வேட்டைச் சாமான் கடைக்காரன் கொஞ்சம் வாயாடி. ஆனால் யோக்கியன்.

"என்ன வேட்டைக்கு அண்ணே?"

"எல்லாத்துக்கும். மலையாடு, ஓநாய், காட்டுப்பன்னி. துப்பாக்கி ஒண்ணு, கண்ணாடியும் ஒண்ணுதான்."

"ஒரே பூட்ஸப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கும் போவேன், சாணியும் அள்ளுவேன்னு சொல்றீங்க. செய்யலாம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்."

"எங்க அண்ணன் கல்யாணத்துக்கே அந்த பூட்ஸோடதான் வந்தாரு," என்றான் ஓஸ்கோன். "அண்ணி இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

கடைக்காரன் சிரித்துக்கொண்டே கண்ணாடிகளை எடுத்துப் பலகையில் வைத்தான். "மூணுலேர்ந்து ஒம்பது மடங்கு, இதப் புடிங்க. ஓநாய் கிட்டக்க வந்தா வளையத்தத் திருப்பி மூணுல வைங்க. எதிர்ச் சரிவுல மலையாடு நின்னா ஒம்பது. ஒரே கண்ணாடின்னா இதுக்கு மேல கிடையாது."

பெக்தென் ஒன்பதில் வைத்து ஆற்றின் அக்கரையைப் பார்த்தான். அங்கே ஒரு மினி பஸ் நின்றிருந்தது. நம்பர் பலகை வெள்ளையாக ஒரு கறை போலத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். கறைதான். ஓஸ்கோன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு நம்பரைக் கடகடவென்று படித்தான்.

"உனக்குத் தெரியுதா?"

"ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தம்பிதான் கேட்கிறான், கேலியாகக்கூடக் கேட்கவில்லை. பெக்தென் "தெரியுது தெரியுது" என்றான். பிறகு பலகையின் ஓரத்தில் இருந்த நீளமான கண்ணாடியைக் காட்டி, "அது என்ன?" என்றான்.

அது ஆறிலிருந்து இருபத்து நாலு. கையில் கனத்தது. இருபத்து நாலில் வைத்துப் பார்த்தபோது நம்பர் பலகையின் ஆணி கூடத் தெரிந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பொருளை ஓரம் தெளிவாகப் பார்க்கிறான். அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"இதக் குடு."

"ஓநாயச் சுடறப்ப கீழ ஆள் இறங்குவாங்களா?" என்று கேட்டான் கடைக்காரன்.

"நான்தான் இறங்குவேன்," என்றான் ஓஸ்கோன்.

கடைக்காரன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். "அப்ப வேண்டாம். இது ஆறுக்குக் கீழ இறங்காது. பெருசாக் காட்டக் காட்ட வட்டம் சுருங்கும். ஓநாயோட மீசை தெரியும். ஓநாய்க்குப் பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு தெரியாது."

"என்னையும் ஓநாயையும் பாத்தா வித்தியாசம் தெரியாதா?"

"அத உன் பொண்டாட்டியத்தான் கேக்கணும்," என்றான் பெக்தென். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே பெட்டி கை மாறிவிட்டது. அவனுக்கு வேண்டியிருந்த கண்ணாடியோ நாரின் ஆஸ்பத்திரியில் இருந்தது. அதை மூக்கின் மேல் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். எல்லோரும் பார்ப்பார்களே.

முதல் மூன்று மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. எதிர்ச் சரிவில் நின்ற மலையாட்டை ஐந்நூறு மீட்டர் தூரத்தில் வீழ்த்தினான். ஊரில் பழைய பேச்சு திரும்ப வந்தது, பெக்தெனுக்கு வயசே ஆகலை என்றார்கள். அவனும் அதை நம்பத் தொடங்கினான். ஜிபார் மட்டும் ஒரு முறை கேட்டாள்.

"ஓநாய் வந்தா?"

"வந்தா என்ன?"

"ஓஸ்கோனைக் கீழ அனுப்பாதீங்க. இல்லன்னா அவன்கிட்ட உண்மையச் சொல்லிட்டு அனுப்புங்க."

அவன் டீக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனான்.

பிப்ரவரியில் ஓநாய் வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு பட்டி. மூன்றாவது ஓஸ்கோனின் சொந்தப் பட்டி, பதினோரு ஆட்டைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. காலையில் ஓஸ்கோன் வந்து நின்றபோது முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பின்னாலேயே அவன் மனைவி சைரக்கான் வந்து, நின்ற வாக்கில் அவன் தொப்பியில் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள். "போன தடவ புதர்ல மாட்டி அவிழ்ந்துடுச்சுன்னு சொன்னீங்களே. ரெண்டு முடிச்சுப் போட்டிருக்கேன்," என்றாள்.

பெக்தென் பாறை முகட்டில் படுத்தான். வெயில் வந்துவிட்டது. பனியில் கண் கூசியது. கண்ணாடியை ஆறில் வைத்துப் பார்த்தான். பள்ளத்தாக்கு முழுக்கப் பால் கொட்டியது போல இருந்தது, புதர்கள் கறுப்புக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன, வேறொன்றும் பிரியவில்லை. பன்னிரண்டுக்குத் திருப்பினான். கொஞ்சம் பிரிந்தது. பதினெட்டுக்குத் திருப்பியதும் ஒவ்வொரு கிளையும் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு கிளையாகத்தான் தெரிந்தது.

கீழே தகரச் சத்தம் கேட்டது. சிவப்பைத் தேடினான். ஒரு முறை கிடைத்தது, ஓஸ்கோன் குனிந்து ஒரு கிளையை விலக்கிக்கொண்டிருந்தான். பிறகு வட்டத்தை விட்டுப் போய்விட்டான். இங்கே அங்கே துழாவினான். பனி, கிளை, கல், மறுபடியும் பனி. தகரச் சத்தம் நின்றது. சத்தம் நின்றால் ஓநாய் கிளம்பிவிட்டது என்று பொருள்.

சாம்பல் நிறம் ஒன்று வட்டத்துக்குள் வந்து நின்றது. ஓநாய் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, தனக்குப் பின்னால் எதையோ. அதன் தோளுக்கு அப்பால், வட்டத்தின் ஓரத்தில், கலங்கலாகச் சிவப்பாக ஏதோ இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் காட்டு ரோஜாப் புதர்தான். பனிக்காலம் முடியும் வரை அதன் பழங்கள் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பழம்தான் என்று நினைத்தான். ஓஸ்கோனாக இருந்தால் என்றும் நினைத்தான். இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தான். வளையத்தை ஆறுக்குத் திருப்பினால் வட்டம் விரியும், சிவப்பு என்ன என்று தெரியலாம். ஆனால் ஆறில் அவன் கண்ணுக்கு ஓநாயும் மறைந்துவிடும், பதினோரு ஆட்டைக் கொன்றது தப்பிப் போகும், "என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று ஓஸ்கோன் கேட்பான்.

அவன் வளையத்தைத் திருப்பவில்லை. சுட்டான்.

ஓநாய் அந்த இடத்திலேயே விழுந்தது. குண்டு ஓநாயோடு நிற்கவில்லை.

மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஓநாயைப் புரட்டிப் பார்த்தார். குண்டு நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் அளந்தார். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். ஊரும் அதையேதான் சொன்னது. தோள்பட்டைக்குப் பின்னால் விரற்கடை பிசகாமல் சுட்டிருக்கிறான், குண்டு துளைத்துக்கொண்டு போனதற்கு அவன் என்ன செய்வான், விதி எழுதிவிட்டது. இறந்தவன் உடம்பு வீட்டில் கிடக்கும்போதே சுட்டவனின் குறியைப் புகழ்கிற ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவன்கூட அவனைப் பழிக்கவில்லை. பழித்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

ஓஸ்கோன் வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உடம்பை உள்ளே கிடத்தினார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடினார்கள். வெளியே, வாசலுக்கு வலப்பக்கம், செத்தவனின் நெருங்கிய ஆண்கள் இடுப்பைக் கட்டி, கோல் ஊன்றிக் குனிந்து நின்று கதறி அழ வேண்டும். அந்த வரிசையில் முதல் இடம் கூடப்பிறந்த அண்ணனுக்கு. பெக்தென் அங்கேதான் நின்றான். தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் குதிரையை விட்டு இறங்கும்போதே "என் தம்பியே, என் உயிரே" என்று கத்திக்கொண்டு வந்து முதலில் அவனைத்தான் கட்டிக்கொண்டார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அழுதான்.

உள்ளே சைரக்கானின் குரல் எழுந்தது. புருஷன் செத்தவள் பாடும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது, அவள் எதைச் சொன்னாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். வெளியே ஆண்கள் அழுகையைத் தணித்தார்கள். சுட்டவனைப் பற்றி அவள் என்ன பாடப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

அவள் ஓஸ்கோனின் குதிரையைப் பாடினாள். அவன் சிரிப்பைப் பாடினாள். பிறகு புருஷனின் அண்ணனிடம் வந்தாள். மருமகள் மூத்தவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது. வந்த நாளிலிருந்து அவள் அவனுக்கு வைத்திருந்த பெயர் கூர்க்கண்ணர்.

"கூர்க்கண்ணர் மேல இருக்காருன்னு கூசாம இறங்கினீங்களே, கூர்க்கண்ணர் பாத்துக்குவாருன்னு குனிஞ்சு புதருக்குள்ள புகுந்தீங்களே. அவரு மேல குத்தமில்ல, அவரு கண்ணு மேல குத்தமில்ல..."

பெக்தெனின் கோல் சரிந்தது. பக்கத்தில் நின்றவன் பிடித்து நிமிர்த்திக் கொடுத்தான். அடுத்த ஆள் வாசலை நோக்கிக் கத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார், கைகளை விரித்துக்கொண்டு. யார் என்று பெக்தெனுக்குத் தெரியவில்லை, முகம் இருக்கும் இடத்தில் வெளிச்சமாக ஒரு திட்டு மட்டும் தெரிந்தது.

"நீங்க யாரு?" என்றான் பெக்தென். உள்ளே கேட்கும்படி உரக்கக் கேட்டான். "கிட்ட வராதீங்க, யாருன்னு சொல்லுங்க. எனக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமாத் தெரியாது."

வந்தவர் கைகளை விரித்தபடியே நின்றுவிட்டார். உள்ளே ஒப்பாரி நின்றது. பெண்கள் ஒவ்வொருவராகச் சுவரிலிருந்து திரும்புவது கேட்டது. சைரக்கான் எழுந்து வாசலுக்கு வந்து, கம்பளித் திரையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பிறகு திரும்பி, உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்த ஜிபாரைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.