எதிரணிக்காரன் வராத வருஷம்

ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பேஸ்பால் பைத்தியம் துறைமுகத்துக் கிரேன் ஆபரேட்டர் ஒருவர்தான். வெளுத்த சிவப்புத் தொப்பியும் காதோடு ஒட்டிய ரேடியோவுமாகத்தான் காலை டீ குடிப்பார். அவருடைய அமெரிக்க அணிக்கும் இன்னோர் அணிக்கும் அவை ஆடும் லீக் பிரிவில் முதலிடத்துக்கு வருஷா வருஷம் இழுபறி. அந்த எதிரணிக்கு ரசிகன் ஒரு மாலுமி. சீசன் முடிகிற சமயத்தில் அவன் கப்பல் இங்கே வரும். டீக்கடையில் இருவரும் கத்தித் தீர்ப்பார்கள்.

அந்த வருஷம் கடைசி ஆட்டத்தில் இவர் அணி ஜெயித்தது. கப்பல் வந்தது. மாலுமி வேலையை விட்டுவிட்டானாம்.

"ஜெயிச்சும் மூஞ்சி ஏன் நைனா இப்டி கீது?" என்றேன்.

"ஜெயிச்சி இன்னா? வவுறு எரிய ஒர்த்தன் வோணாமா?"

எனக்கு அந்த ஆட்டம் புரியாது. புரிந்திருந்தால் அன்றைக்கு அவருக்காகக் கொஞ்சம் வயிறெரிந்திருப்பேன்.