நவ்பர் குழி கைமாறிய கதை

போன மாதம் நவ்பர் நானா, ஊருக்கே அண்ணன் மாதிரி, என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை, தேத்தண்ணியும் வேண்டாமாம்.

"தம்பி, நீங்கதானே ஊர்ப் பேருக்கெல்லாம் கதை எழுதுற? என்ட பேரை அந்தக் குழியில இருந்து கழட்டி விடுங்க!"

விஷயம் இதுதான். எங்கள் களப்போரத்தில், அந்தக் காயல் கரையில், ஒரு வழக்கம். சேற்றில் யார் வண்டியோடு புதைகிறாரோ, அந்த இடம் அவர் பெயருக்குப் போய்விடும்... அடுத்த ஆள் புதையும்வரை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த புதிதில், நானா சைக்கிளோடு இறங்கினார். அன்றிலிருந்து அது நவ்பர் குழி; பிறகு எல்லோரும் ஒதுங்கியே போனதால் பெயர் மாறவேயில்லை. த்ரீவீலர்கள் நிற்பதும் அங்கேதான்; பெயரைப் பரப்புவதும் அந்த ஓட்டிகள்தான்.

இப்போது மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள்.

"மாப்புள வீட்டார் வழி கேட்டா, நவ்பர் குழியில இறங்குங்க எண்டிருக்காங்க. வந்த நேரத்துல இருந்து ஒரே சிரிப்பு!"

"சிரிச்சா நல்லந்தானே?"

"உங்கட பேருல ஒரு குழி இருந்தாத் தெரியும்!"

சரி, கௌரவமாக ஒரு கதை கட்டிவிடலாம் என்று நினைத்தேன். முன்னொரு காலத்தில் நவ்பர் என்றொரு பெரியவர் அங்கே நன்னீர்க் கிணறு தோண்டினார் — எப்படி? பொய்க்கும் இடம் பார்க்க வேண்டாமா? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். முதல்நாள் நல்ல மழை.

மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

த்ரீவீலர்காரர் ரியாஸ் கயிறு கட்டி இழுத்தார். அஸர் தொழுகைக்குள் ஊரெல்லாம் புதுப் பெயர்: எழுத்தாளர் குழி. இத்தனை வருடம் எழுதியும் என் பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நானா சந்தோஷத்தில் இனிப்பாக வட்டிலப்பம் அனுப்பினார். கல்யாணமும் பேசி முற்றானது.

நேற்றுத் திரும்ப வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"தம்பி... அந்தப் பேரைத் திருப்பித் தாங்க."

"என்ன நானா இது?"

"மன்னார்ல எங்கட காணியை இப்ப வேற ஆக்கள்ட பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்களாம். இங்க ஒரு குழியாவது என்ட பேருல இருந்திச்சு."

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். அன்று பகிடியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

இருவரும் ரியாஸிடம் போனோம். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"திருப்பிக் குடுக்கிற வழக்கமில்ல. வேணுமெண்டா நானா இன்னொருக்கா வந்து விழட்டும்."

எங்கே விழுவது? வெயிலில் சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. லொறியே போகலாம்.

இப்போது நாங்கள் இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் — சைக்கிளுக்குக் காற்றடித்தாயிற்று.