'மாறாதிருந்தால்' சாரின் பத்தாவது ஆள்

பொருளாதார வாத்தியாரின் சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு மட்டும்தான் நினைவிருந்தது. கல்லூரிக்கு அவர் 'மாறாதிருந்தால்' சார். விலை ஏறினால் தேவை குறையும் என்பார். "மற்றதெல்லாம் மாறாதிருந்தால்" என்று வால் ஒட்டாமல் மூச்சுவிட மாட்டார். வீட்டிலும் அதே கூத்துதான். "மத்ததெல்லாம் மாறாதிருந்தா சீக்கிரம் வந்துடுவேன்" என்பார். ஊர் அடங்கியபின் வந்து நிற்பார்.

பொருளாதாரச் சிந்தனை வரலாறுதான் அவருக்கு உயிர். தங்கம் குவிந்தால்தான் நாடு செழிக்கும் என்றவர்கள், நிலம் ஒன்றே செல்வம் தரும் என்று அடித்துச் சொன்னவர்கள், இவர்களில் யாரையும் அவர் வகுப்பில் கேலி செய்ய முடியாது. வாரத்துக்கு ஒரு பழைய கொள்கை. அந்த வாரம் முழுக்க அதை நம்புகிறவர்களாகவே மாணவர்கள் வாதாட வேண்டும். கூச்சலில் சுவரே அதிரும்.

சுவருக்கு அந்தப் பக்கம் துறைத்தலைவியின் அறை. அவருக்குச் சமன்பாடுகள் போதும்.

"செத்தவங்க செஞ்ச தப்பையெல்லாம் எதுக்கு சார் கிளறிக்கிட்டு?"

"தப்பு எப்படிச் சரி மாதிரியே இருந்துச்சுன்னு தெரிய வேண்டாமா மேடம்?"

அந்த வருடம் மேலிடத்து உத்தரவு வந்தது: முதல் நாள் வகுப்பில் பத்துப் பேராவது சேராவிட்டால் சிந்தனை வரலாற்றுப் பாடத்தை இழுத்து மூடிவிடுவார்கள். வாத்தியார் வேறு பாடம் எடுத்துச் சம்பளம் வாங்கலாம்தான், ஆனால் அது வெறும் பிழைப்பு. வராந்தாவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "சேருவியாப்பா?" என்று கேட்டார். "கண்டிப்பா சார்!" என்றது கல்லூரியே. தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினார்.

மனைவி சிரித்துவிட்டாள். "உங்க முகத்துக்கு நேரா யாருங்க மாட்டேன்னு சொல்லுவாங்க? வாய் சொல்றத நம்பாதே, கை எதை எடுக்குதுன்னு பாருன்னு வருஷா வருஷம் பாடம் நடத்துறது யாராம்?"

ஐயோ என்றிருந்தது அவருக்கு.

முதல் வகுப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள். துறைத்தலைவி வாசலில் நின்று தலைகளை எண்ணினார்.

"ஒருத்தர் குறையுது மேடம்" என்று வாத்தியார் சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

துறைத்தலைவி விறுவிறுவென்று வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். "ஆசிரியர்களும் சேரலாம்னு விதி இருக்கு. என்னையும் சேர்த்துக்குங்க."

"நீங்கதானே இந்தப் பாடமே வேண்டாம்னு..."

"வாய் சொல்றத ஏன் சார் நம்புறீங்க? சுவர் வழியா எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்போ நிலம் மட்டும்தான் செல்வம் தரும்னு நீங்களே ஆரம்பிங்க மேடம்."

துறைத்தலைவி எழுந்தார். முதலில் தடுமாறினார், பிறகு வாதத்தைப் பிடித்துக்கொண்டார். மணி அடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கினார்கள்.

"உட்காருங்க எல்லாரும்," என்று அதட்டினார் துறைத்தலைவி. "நான் இன்னும் முடிக்கல."