வெறும் பாட்டில் வந்த வெள்ளிக்கிழமை

சீனாவோடு சண்டை மூண்டிருந்த ஐப்பசி மாதம் அது. என் தம்பி எல்லையில் இருந்தான். பிரெஞ்சுக்காரன் கையிலிருந்து எங்கள் ஊர் இந்தியாவோடு சேர்ந்த மறு வருடமே அவன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே அப்போது அவனைக் கேலி செய்தது. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்தால் கடைசி காலத்துக்குப் பென்ஷன் வரும், இந்தப் பட்டாளத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். சண்டை வந்ததும் அதே வாய்கள், கடுதாசி வந்ததா என்று என்னிடம் உருகின. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடுதாசி வரவில்லை என்பது அதைவிட எரிந்தது.

மில்லில் நூல் சுற்றும் பகுதியில் நாங்கள் எல்லோரும் பெண்கள். நட்பு நாடுகளிலிருந்து விமானம் விமானமாக மருந்து வந்து இறங்குகிறதாம் என்று ஒருத்தி சொல்வாள். கம்பளியும் வருகிறதாம் என்பாள் இன்னொருத்தி. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது என்னவோ ரத்தம் பிடிக்கிற கண்ணாடிப் பாட்டிலும் ரப்பர் குழாயும்தான். மில்லுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். என் பக்கத்து மிஷினில் வேலை செய்த அக்கா வாய்த்துடுக்கானவள். பெட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"பாட்டிலுதான் அவுங்க குடுப்பாங்க. உள்ள ஊத்தறது நம்மளுதுதான்."

அடிபட்ட சிப்பாய்களுக்கு ரத்தம் கொடுக்க வெள்ளிக்கிழமை போவதென்று முடிவாயிற்று. அங்கேதான் கோட்டை விட்டோம். எங்களில் யாரும் அதுவரை ரத்தம் கொடுத்ததில்லை. ஓர் உயிருக்காக உடம்பிலிருந்து கொடுப்பது நேர்த்திக்கடன் மாதிரிதானே என்று நினைத்தோம். விடியலில் தலைக்குக் குளித்து, பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல், ஈரத்தலையில் பூ வைத்துக்கொண்டு மழையில் வரிசையாகப் போய் நின்றோம்.

முதலில் படுத்தவள் அக்கா. ஊசி உள்ளே போனதுமே கண் செருகி, துவண்டு போனாள். அடுத்தவள் வரிசையில் நின்றபடியே சரிந்தாள். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்களை யார் வரச் சொன்னது, ஆண்கள் போதும் என்றார்.

"உங்க ஒடம்புல உங்களுக்கே ரத்தம் இல்லம்மா. வீட்டுக்குப் போங்க."

என்ன சாப்பிட்டீர்கள் என்று நர்சம்மாதான் கேட்டாள். விரதம் என்றோம். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. குழாயைச் சுருட்டச் சொல்லிவிட்டார்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த இட்லிக் கடையில் உட்கார்ந்து, சட்டி காலியாகும்வரை தின்றோம். அக்காவும் தெளிந்து எழுந்து எங்களுக்குச் சமமாக வெளுத்துக் கட்டினாள். பிறகு திரும்பி வந்து, டாக்டர் போகிற வழியை அடைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசற்படியில் உட்கார்ந்துகொண்டோம். எழுந்து போகச் சொன்னார். நான் எழுந்தேன், ஆனால் போகவில்லை.

"என் தம்பி மலையில அடிபட்டுக் கெடக்கறான்னு வைங்க. பொம்பள ரத்தம் எனக்கு வேணாம்னு சொல்லுவானா?"

 டாக்டர் நர்சம்மாவைக் கூப்பிட்டு, குழாயைப் பிரிக்கச் சொன்னார். மயங்கியவர்களை மட்டும் சேர்க்க மாட்டேன் என்று கறாராக இருந்தார். அக்கா அதற்கும் அவரோடு மல்லுக்கு நின்றாள், நடக்கவில்லை.

நான் படுத்தேன். பாட்டில் நிறைவதைப் பார்த்தபோது பயமில்லை, பெருமையாகத்தான் இருந்தது. அதன்மேல் தம்பியின் பெயரை எழுதி ஒட்ட முடியுமா என்று கேட்டேன். டாக்டரின் குரல் இப்போது இறங்கியிருந்தது. முடியாது என்றார். யாருக்குப் பொருந்துகிறதோ அந்தச் சிப்பாய்க்குப் போகும், யார் என்று தனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றார்.  ஏமாற்றத்தை அவரிடம் காட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை.

"போவட்டும் சார். என் தம்பிக்கு எங்கயோ எவளோ ஒருத்தி குடுத்துக்கினு இருப்பா. இது அவ தம்பிக்கு."