ரசீது மண் வாராது

1983 ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. மேல்காற்று லேசாக இருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. பழவேற்காட்டு ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கிடந்தது. அந்த மேட்டின்மேல் கோட்டைக்குப்பத்து ஆண்கள் எல்லாரும் நின்றிருந்தோம். ஊர்த் தலைவர் நாட்டார் வேம்புலி கையில் ஒரு குச்சியோடு எண்ணிக்கொண்டே வந்தார். அவர் எண்ணியது ஆட்களை அல்ல, மணலில் வரிசையாக வைத்திருந்த கூடைகளை. தொண்ணூற்று மூன்று என்றார். பழக்க தோஷத்தால் நானும் எண்ணினேன், ஆட்களை. தொண்ணூற்று நான்கு வந்தது. மறுபடி எண்ணிப் பார்த்தும் தொண்ணூற்று நான்குதான். கூடை இல்லாமல் நின்ற அந்த ஒருவன் நான். என் கையில் இருந்தது ஒரு தோல் பை, அதற்குள் முப்பத்திரண்டு ரசீதுகள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்கும், ஊரில் இருந்தபடி எங்களைக் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் 1951-இல் கப்பல் ஏறினேன். கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்து, மூட்டைகளை எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றேன். மனைவி, மூன்று பிள்ளைகள் எல்லாரும் அங்கே. எனக்கு இருப்பது சிவப்பு அட்டை. நிரந்தரமாகத் தங்கலாம், குடிமகன் கிடையாது. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி நுழைய ஒரு பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட்டில் போட்ட தேதி தாண்டினால் அட்டைக்கு மதிப்பில்லை. என் மனைவியின் இழுப்பு நோய்க்கு அரசாங்க மருத்துவமனையில் கொடுக்கும் மருந்து உட்பட எல்லாம் அந்த அட்டையில் தொங்குகிறது. அந்த முறை என் பெர்மிட்டில் இருந்த தேதி ஆகஸ்டு 29. சென்னையிலிருந்து என் கப்பல் ஆகஸ்டு 19. இடையில் பத்து நாள், கடல் பயணம் ஒரு வாரம் போக மூன்று நாள் உபரி என்று கணக்கு வைத்திருந்தேன்.

ஊரிலும் எனக்கு ஓர் அட்டை உண்டு, கண்ணுக்குத் தெரியாத அட்டை. எங்கள் பக்கத்தில் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடும் நல்ல இடங்களுக்கு முறை உண்டு. அந்த முறைக்குப் பெயர் பாடு. ஊர்ப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் சீட்டு எடுத்துப் பாடு பிரிப்பார்கள். என் பெயர் எழுபத்து நான்காவது. என் பாட்டில் நான் ஒருநாளும் வலை கட்டியதில்லை. என் தம்பி கட்டினான். பிள்ளையில்லாத அவன் இறந்து மூன்று வருடமாகிறது. பிறகு என் தங்கை எல்லம்மாவின் கணவர் மாணிக்கம் கட்டிவந்தார். அவருக்குச் சொந்த ஊர் சுண்ணாம்புக்குளம். பெண் கட்டிய ஊரில் பதினாலு வருடம் இருந்ததால் அங்கே அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்; வந்த மாப்பிள்ளை என்பதால் இங்கே சேர்க்கவுமில்லை. ஆக அந்த வீட்டில் உலை கொதிப்பது என் பெயரால். மே மாதம் எல்லம்மாவின் கடிதம் வந்தது: “மூணு வருசமா உன் பேருக்கு ஆள் இல்லைன்னு சொல்றாங்க. இந்தத் தடவை பேரை அடிச்சிருவாங்களாம்.”

கடிதம் படித்ததும் எனக்குக் கோபம் வந்ததே தவிர பயம் வரவில்லை. வருடம் தவறாமல் தலைக்கட்டு வரியை மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன். ஒரு ரசீதைக்கூடத் தொலைத்ததில்லை. எலி கடித்த 1964-ஆம் வருட ரசீதுக்குப் பின்பக்கம் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். முப்பது வருடம் காகிதத்தை நம்பி வாழ்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

நாட்டார் பையைத் திறந்து பார்க்கக்கூட இல்லை.

“இன்னாது இது?”

“வரி கட்டின ரசீது. முப்பத்திரண்டு வருசம். பாக்கி ஒரு காசு கிடையாது.”

“கட்டினது தெரியும். கோயிலுக்கு ஓடு போட்டது அதுலதான். ரசீது மண்ண வாருமா, கிள்ளான்காரரே?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாணிக்கம் மட்டும் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என் பெயருக்காக வாருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மாப்பிள்ளை வாரும் மண் மாப்பிள்ளையின் உபகாரம். சொந்த ரத்தம் வந்து நிற்க வேண்டும். முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது, இறால் குஞ்சும் வராது. வருடந்தோறும் அதை வெட்டித் திறக்கத் தலைக்கட்டுக்கு ஓர் ஆள், ஒரு கூடை. வாய் திறந்த பிறகுதான் சீட்டு. தொடர்ந்து மூன்று தடவை கூடை வராத பெயர் பட்டியலில் இருக்காது. சிறு வயதில் எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. ஆனால் பணம் அனுப்புகிறவனுக்கு இது பொருந்தாது என்று நானாக எழுதாத சட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“கூடை எங்கே கிடைக்கும்?” என்று கேட்டேன்.

“உனக்கு வயசு இன்னா ஆவுது?”

“ஐம்பத்தொன்பது முடிந்து நாலு மாதம்.”

“மாசத்தையும் எண்ணி வெச்சிருக்காரு பாரு” என்றார் நாட்டார். “மாணிக்கம், உங்க மச்சானுக்கு ஓட்டையில்லாத கூடையா ஒண்ணு குடு. இல்லாட்டி ஓட்டையையும் எண்ணுவாரு.”

முதல் நாள் நாற்பத்தொரு கூடை சுமந்தேன். உள்ளங்கையில் கொப்புளம் நான்கு. மத்தியானம் எல்லம்மா சோற்றுக் குண்டானோடு வந்தாள். என் கையை விரித்துப் பார்த்தவள் திட்ட ஆரம்பித்தாள்.

“யாரு உன்ன இங்க கூப்பிட்டது? சொல்லிட்டுப் போயிருந்தா நாங்க நண்டு புடிச்சுப் பொழைச்சுக்கமாட்டோமா?”

“நீதானே கடிதம் எழுதின?”

“எழுதினேன். வந்து மண்ணு தூக்குன்னு எழுதினேனா?”

மாணிக்கம் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: “மச்சான், எங்க ஊர்ல என் பேர அடிச்சப்போ நான் அங்க இல்ல. அப்புறம் போய்க் கேட்டேன். நீ இல்லாதப்போ அடிச்சோம், இருந்தா அடிச்சிருப்போமான்னாங்க.” இந்த வாக்கியத்தை நான் கிள்ளானில் எத்தனையோ பேர் வாயில் வேறு மாதிரி கேட்டிருக்கிறேன். அம்மா சாவுக்குப் போய், காய்ச்சலில் படுத்து, தேதி தாண்டி வந்தவர்கள். நாட்டாரின் கூடையும் சரி, கவுன்ட்டர் அதிகாரியின் முத்திரையும் சரி, கேட்பது ஒன்றைத்தான்: நீ இருந்தாயா?

ஐந்தாம் நாள் சனிக்கிழமை வாய்க்கால் முக்கால் பங்கு வெட்டியாகிவிட்டது. இன்னும் இரண்டு நாள் போதும் என்று கணக்குப் போட்டேன். அன்று பிற்பகல் காற்று தெற்காகத் திரும்பி வலுத்தது. அலை ஏறி, நாங்கள் வெட்டிய பள்ளத்தில் பாதியைத் திரும்ப நிரப்பியது. இரண்டு நாள் யாரும் கூடை தொட முடியவில்லை. நான் வீட்டுக்கும் கரைக்குமாக நடந்தேன். கப்பலுக்கு இன்னும் ஐந்து நாள், நான்கு நாள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். நாட்டாரிடம் போய்ச் சீட்டை முன்னதாக எடுக்க வழியுண்டா என்று கேட்டேன். “காத்துக்கு உன் கப்பல் தேதி தெரியாதே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் வயிறு அந்த ஏரியில்தான்.

பத்தொன்பதாம் தேதி கப்பல் புறப்படும் நேரத்தில் நான் அன்றைய அறுபத்தேழாவது கூடையைத் தலையில் வைத்திருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கொட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போனேன். வேறு என்ன செய்ய? பக்கத்தில் வாரிக்கொண்டிருந்தவர் லைட்ஹவுஸ் குப்பத்தில் பெண் கொடுத்தவர், என் வயதுக்காரர். “போயிடுச்சா?” என்று கேட்டார். போய்விட்டது என்றேன். “அப்ப நிதானமா வாரு” என்றார்.

இருபத்து நான்காம் தேதி புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வாய் திறந்தது. முதலில் ஒரு சாண் அகலத்தில் தண்ணீர் உள்ளே வந்தது. பிறகு எங்கள் கால்களையே இழுத்தது. வேலை நடந்த பதினாலு நாளில் நான் சுமந்தது ஆயிரத்து நூற்றுப் பதினெட்டுக் கூடை. வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் சீட்டு எடுத்தார்கள். எழுபத்து நான்காவதாக என் பெயரைப் படித்தபோது “இருக்கேன்” என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பெயரைப் படித்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினேன். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மலேசியாவில் இறங்கியபோது பெர்மிட்டில் ஒரு நாள் மிச்சம். கவுன்ட்டரில் இருந்த மலாய் அதிகாரி என் பிள்ளை வயதுக்காரர். பெர்மிட் முடியும் நாள்வரை அங்கே என்ன செய்தாய் என்று கேட்டார். “கொரேக் பாசிர்” என்றேன். மணல் வெட்டினேன் என்று அர்த்தம். என் கைகளைப் பார்த்தார். “பெராப்பா காஜி?” சம்பளம் எவ்வளவு என்கிறார். வெளிநாட்டில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வந்ததாக நினைத்துவிட்டார். சம்பளம் கிடையாது என்றேன். அவருக்குச் சந்தேகம் கூடியது.

“சம்பளம் இல்லாமல் எதற்கு?”

“வெட்டாவிட்டால் ஊரில் என் பெயரை எடுத்துவிடுவார்கள், துவான்” என்று ஐயா போட்டுச் சொன்னேன்.

நல்ல மனிதர், உதவி செய்யத்தான் நினைத்தார். “பணம் கொடுத்து வேறு ஆளை நிறுத்தியிருக்கலாமே, பாக்சிக்” என்று மாமா முறை வைத்துச் சொல்லி முத்திரையைக் குத்தினார். இங்கேயும் வேறு ஆளை நிறுத்த முடியுமானால் நான் இந்த வரிசையில் நின்றிருக்கவே மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முத்திரை காயும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

எல்லம்மாவின் கடிதம் நேற்று வந்தது. என் பாட்டில் முதல் முறை வலை கட்டியதில் இறால் இருந்ததாம், உலை கொதிக்கிறதாம். அடுத்த கூடைக்கு இன்னும் மூன்று வருடம் தவணை. என் அடுத்த பெர்மிட்டுக்கு அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். சமையலறை நாள்காட்டியின் ஓரத்தில் இரண்டு தேதிகளையும் எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “அப்போ உங்களுக்கு அறுபத்திரண்டு” என்றாள். ஐந்து மாதமும் சேர்த்துக்கொள் என்றேன். உள்ளங்கையில் கொப்புளம் வற்றி இரண்டு தழும்பு நிற்கிறது. வலது கை தழும்பின் மேல்தான் பேனா உட்காருகிறது. அந்தக் கையால்தான் இங்கே அட்டைக்கு ரேகை வைத்தேன்.

கைவிட்ட கப்பல் சீட்டில் திரும்பி வராத பணம் அறுநூற்று நாற்பது. விமானச் சீட்டு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து. பழவேற்காட்டிலிருந்து விமான நிலையம்வரை வண்டிக்கு எண்பத்தைந்து. கைக்குப் போட்ட களிம்பு நாலரை. ஆக, இரண்டு ஊரிலும் நான் இருப்பதற்கு ஆன செலவு மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து நான்கு ரூபாய் ஐம்பது காசு.