ஜாக்கியில் சிக்கிய அட்டை

போன மாதம் ஊரில் ஒரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். பொறியியல் ஏன் நல்ல படிப்பு, அதைப் படித்தால் எத்தனை விதமான வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். கல்ஃபில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் என்னைப் பிடித்திருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பேச விஷயம் இல்லாமல் இல்லை. துபாய் அல் கூஸில் ஒரு மதியம் நடந்ததை மறைத்துவிட்டு அந்தப் பேச்சைப் பேச எனக்கு வாய் வராது. அதைச் சொன்னால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கவும் எனக்குப் பொறுமை கிடையாது.

நான் படித்தது மெக்கானிக்கல். துபாய்க்குப் போனது ஏசி வேலைக்கு. போன முதல் ஆறு வருடத்தில் காற்றுப் போகிற டக்ட் போட்டேன், பம்ப் மாற்றினேன், லிஃப்ட் குழிக்கு அளவெடுத்தேன், டெண்டருக்கு விலை போட்டேன், ஒரு ரமலான் மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரு பேக்கரியின் பெரிய அடுப்பைப் பிரித்துப் பூட்டினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்? ஒரு வேலையில் கற்றது சம்பந்தமே இல்லாத இன்னொரு வேலையில் கைகொடுக்கும்போது வருகிற சந்தோஷம் தனி. மனைவியிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவள் காது புளித்துவிட்டது.

அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன். ஒரு கம்பெனியில் ஆள் நிலைத்து நிற்பதில்லை. எங்கள் சைட்டின் சிவில் என்ஜினீயர் ஒரு வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். சனிக்கிழமை காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சென்னைக்காரர். எதையும் சிரித்துக்கொண்டே தலையில் கட்டுவார்.

"புது ஆள் வர்ற வரைக்கும் சிவிலையும் நீங்களே பாத்துக்கோங்க."

"சார், நான் மெக்கானிக்கல்."

"அதனால என்ன? என்ஜினீயர்தானே."

வேறு எவனாவது என்றால் யோசித்திருப்பான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரி என்றேன்.

சைட் என்று சொன்னேனே, அது ஒரு பெரிய குடோன். கீழே சரக்கு வைக்க, மேலே ஆபீஸ். மாடிக்கு ஸ்லாப் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்க அடியிலிருந்து இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்திருப்பார்கள். திருகினால் உயரும், இறங்கும். ஜாக்கி என்போம். ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். ஷார்ஜா முவைலாவில் எங்கள் இன்னொரு கட்டடத்துக்கு ஜாக்கி அவசரமாக வேண்டும், இங்கிருப்பதைக் கழற்ற என் கையெழுத்து வேண்டும். கூடவே கான்கிரீட்டைச் சோதித்த தாள். ஊற்றிய அன்றே அதே கான்கிரீட்டில் சில கட்டிகளை வார்த்துத் தனியே வைத்து, பிறகு நசுக்கிப் பலம் பார்ப்பது வழக்கம். பலம் நன்றாகவே வந்திருந்தது. போட்டேன் கையெழுத்து.

அந்தக் கட்டிகள் சைட் ஆபீஸை ஒட்டிய தொட்டியில் சுகமாகத் தண்ணீரில் கிடந்தவை. ஸ்லாபோ, முதல் நாலு நாள் தண்ணீர் லாரி வராமல் ஜூலை வெயிலில் வறண்டு கிடந்தது. தாள் கட்டிகளைப் பற்றி உண்மைதான் சொன்னது. ஸ்லாபைப் பற்றி நான் யாரையும் கேட்கவில்லை. வெப்பத்தை வைத்தே பிழைப்பு நடத்திய ஏசிக்காரனுக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை ஜாக்கிகள் லாரியேறிப் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை காலை, மேலே சுவர் கட்டுவதற்காக சிமெண்ட் பிளாக்குகளைக் கிரேன் தூக்கி ஸ்லாபின் நடுவில் அடுக்கியது. பதினொரு மணிக்கு நான் ஏசி தண்ணீர்க் குழாய்க்கு ஓட்டை குறிக்க மாடிக்குப் போனேன். கான்கிரீட் காயாமலிருக்க ஸ்லாபின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு நிரப்பியது. ஓரத்தில் தண்ணீரே இல்லை. நடுவில், பிளாக் அடுக்குகளைச் சுற்றி, விரலை விட்டால் ஒரு கணு நனைந்தது.

ஏசி வடிகுழாய்க்குச் சரிவு கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். தண்ணீர் எங்கே போய் நிற்கிறதோ அங்கே பள்ளம். நேற்று இல்லாத பள்ளம். ஒரு பென்சிலை எடுத்துத் தண்ணீரின் விளிம்பில் கோடு போட்டேன். டேப்பை வைத்து மற்ற அளவுகளை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் அகலம் காய்ந்திருந்தது. பள்ளம் ஆழமாக ஆகத் தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கும். வெயிலில் வற்றியதாகவும் இருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனாலும் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"ஸ்லாப் என்ன கேரம் போர்டா, மட்டமா இருக்க?" என்று சிரித்தார். "உங்க பைப் கண்ணுக்கு எல்லாம் சரிவாத்தான் தெரியும்."

"ஜாக்கியைத் திருப்பி அனுப்புங்க சார்."

"நாளைக்கு அங்க கான்கிரீட். முடியாது. அதோட ஒண்ணு, கழட்டலாம்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

சிரிப்பு நின்றுவிட்டது. என் கையெழுத்து தப்பு என்று நானே சொன்னால் வேலை போகும். வேலை போனால் விசா கேன்சல். முவைலாவில் வாடகைக்கு எடுத்த வீடு, மனைவி, ஸ்கூலுக்குப் போகிற மகள், எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் மூட்டை கட்ட வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

கோடையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது. அந்த நேரத்துக்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருந்த இடம் ஸ்லாபின் அடி. மேலே தண்ணீர் நிற்பதால் அந்த வட்டாரத்திலேயே அங்கேதான் குளிர்ச்சி. ஜாக்கி போனதும் இன்னும் வசதியாகிவிட்டது, காலை நீட்டிப் படுக்கலாம். நான் கீழே இறங்கியபோது இருபத்தாறு பேர் அட்டைப்பெட்டிகளை விரித்துச் சரியாக நடுவில் படுத்திருந்தார்கள்.

அவர்களின் மேஸ்திரி அரியலூர்ப் பக்கத்துக்காரர். என் வயதுதான். சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

"வெளிய எங்க சார் போவாங்க? கம்பெனி பஸ்ஸுல உக்காந்தா அவிஞ்சி போவாங்க. போன வாரந்தான் ஒருத்தன் மயங்கி விழுந்தான்."

"ஸ்லாப் இறங்குது."

"முந்தாநேத்து நீங்கதான கழட்டலாம்னு எழுதிக் குடுத்தீங்க?" குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "என் கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒண்ணு காட்டுங்க. அப்புறம் நான் எழுப்புறேன்."

மூலையில் லாரிக்காரன் விட்டுப்போன ஜாக்கி ஒன்று கிடந்தது. இருவரும் அதைத் தூக்கி, படுத்திருந்தவர்களின் நடுவே நிறுத்தினோம். ஸ்லாபை முட்டாமல் ஒரு நூல் இடைவெளி விட்டுத் திருகினேன். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றினேன். என் போட்டோ போட்ட பிளாஸ்டிக் அட்டை. அதை அந்த இடைவெளியில் செருகினேன். இழுத்தால் வந்தது, தள்ளினால் போனது.

"இது இறுகினா?" என்றார்.

"இறுகினா மேல இருக்கிறது கீழ வருதுன்னு அர்த்தம்."

இருவரும் அங்கேயே உட்கார்ந்தோம். ஒருவர் குறட்டை விட்டார். ஒருவர் தூக்கத்தில் யாரையோ திட்டினார். எங்கிருந்தோ டிக் என்று ஒரு சத்தம். தகரம் வெயிலில் விரிகிற சத்தமாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் முகத்தில் சிமெண்ட் தூள் உதிர்ந்தது. அவர் கண்ணைத் திறக்காமல் துடைத்துக்கொண்டு புரண்டு படுத்தார். நாற்பது நிமிடம் இருக்கும். எழுந்து அட்டையை இழுத்தேன். வரவில்லை. மேஸ்திரி இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. ஒவ்வொருவராகக் காலைத் தொட்டு எழுப்பினார். "எந்திரி. ஓடாத. சத்தம் போடாம வெளிய வா." நானும் மறுபக்கமிருந்து எழுப்பினேன். தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவர்களை மேஸ்திரி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

இருபத்தைந்து.

தூணுக்குப் பின்னால் தனியே படுக்கிற பழக்கமுள்ள ஒரு கார்பெண்டர். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவாராம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. உள்ளே இன்னொரு டிக்.

மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் எதுவும் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. நானே போகிறேன் என்று சொல்ல வாய் எழவே இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். அவர் உள்ளே போனார். கொஞ்சமும் ஓடாமல், குனிந்தபடி நடந்தே போய், அந்த ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு மேனேஜருக்கு நானே போன் செய்து, என் கையெழுத்து தப்பு, எழுத்திலேயே தருகிறேன் என்றேன். நாலு மணிக்கு ஜாக்கிகள் திரும்பி வந்தன. ஓரத்திலிருந்து முட்டுக் கொடுத்துக்கொண்டே உள்ளே போனார்கள். அதற்குப் பிறகுதான் கிரேன் பிளாக்குகளை இறக்கியது. ஸ்லாப் விழவில்லை. ஆனால் அடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருந்தது. சோதிக்க வந்த வெளி என்ஜினீயர்கள் இடிக்கச் சொல்லிவிட்டார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அபுதாபி முசஃபாவில் கம்பெனியின் வொர்க்‌ஷாப்புக்குத் தூக்கிப் போட்டார்கள், கம்ப்ரசர் ரிப்பேர் பார்க்க. அதையும் செய்தேன், நன்றாகவே செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மேஸ்திரி முசஃபாவுக்குத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து என் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஜாக்கியின் தலைத்தகடு போட்டோவில் என் முகத்துக்குக் குறுக்கே வரி வரியாக அழுந்தியிருந்தது. வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். அன்றைக்கு நான் உள்ளே போகாததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே முதலில் புரியவில்லை.

"அட, அத விடுங்க சார். நீங்க கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான நின்னீங்க?"

"என்ன கணக்கு?"

"அது இன்னும் எவ்ளோ நேரம் தாங்கும்னு. நான் திரும்பிப் பாத்தேன், நீங்க போகாதன்னு சொல்லல. அப்ப நேரம் இருக்குன்னு அர்த்தம். அந்தத் தைரியத்துலதான் உள்ள போனேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "நீங்க என்ஜினீயர்தானே."

அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.