அம்மா ஏறிப் பார்த்து அப்பா எடுத்த கார்

வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, அதே தோட்டத்து ஃபெக்டரியில் உழைத்து, அண்ணனையும் என்னையும் ஆளாக்கிவிட்டு, சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்த எங்கள் அன்பு அப்பாவை நினைத்து இவ்வரிகளை எழுதுகிறேன். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதைச் சொல்லி ஒரு நாளும் புலம்பியதில்லை. கோபம் மூக்கு நுனியில் நிற்கும்; அம்மாவிடம் மட்டும் அது செல்லாது.

மலையேறிக் கொழுந்து பறித்தே அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நுவரெலியா கிளினிக்குக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தால் மறுநாள் எழும்ப மாட்டார். "இனி கிளினிக்கே வேணாங்க, விட்டுருங்க" என்று அம்மா சொல்லத் தொடங்கியபோதுதான் அப்பா பயந்துபோனார். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன், சின்னக் கார் ஒன்று வாங்கலாம் என்றார்.

நாங்கள் நானா என்று அழைக்கும் தலவாக்கலைத் தரகர் இரண்டு பழைய கார்களை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தார். ஒன்று சிவப்பு, ரெண்டு கதவு, பளபளவென்று இருந்தது. மற்றது சாம்பல் நிறம், நாலு கதவு, மூஞ்சி நசுங்கியது. அண்ணனுக்குச் சிவப்பின் மேல்தான் கண். எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

"செவப்புல கதவு பெருசுப்பா. அம்மா முன்னால உக்காந்துக்கட்டும்" என்றார் அண்ணன்.

அதுதான் நடக்காதே! கோயிலுக்கு வேன் பிடித்தாலும் முன் சீட் ஆண்களுக்கு என்பதுதான் எங்கள் வழக்கம். "ஆம்பளைங்க இருக்கையில நான் எப்படிய்யா முன்னால?" என்று சொல்லிக்கொண்டே, முன் சீட்டை மடக்கச் சொல்லிப் பின்னால் நுழைந்தார் அம்மா. நுழைந்துவிட்டார், இறங்கத்தான் முடியவில்லை. லயமே கூடிவிட்டது. நானா சீட்டைப் பிடிக்க, அண்ணனும் நானும் கையைப் பிடித்து இழுக்க, அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வலியில் அவர் கண் கலங்கியதை அப்பா ஒருவர்தான் கவனித்தார்.

"நானா, செவப்பக் கொண்டு போங்க. இவ ஏறி எறங்குற வண்டி போதும்."

"பெயின்ட்டப் பாருங்கண்ணே, புதுசு மாதிரி..."

"பெயின்ட்டு மேலயா உக்காரப் போறோம்?"

ஓய்வுக்குப் பிறகு வண்டி ஓட்டப் பழகிய அப்பா, அம்மாவைப் பின்னால் அமர்த்தி மெதுவாக ஓட்டிப் போவார். அதன்பின் அம்மா ஒரு கிளினிக்கையும் தவறவிடவில்லை; முழங்காலும் மெல்லத் தேறி வந்தது.

மழை கொட்டிய ஒரு காலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவரைத் தூக்கிவந்து பின் சீட்டில் கிடத்தினார்கள். அம்மா மறுபக்கக் கதவால் ஏறி, அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் பிரிந்தது. அப்பா தனியாகப் போகவில்லை. அந்த ஒன்றுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

அன்று அப்பாவைத் தூக்கிய பிள்ளைகளுக்கும், வண்டியோட்டிய அடுத்த வீட்டு மாமாவுக்கும், பந்தல் போட்டு, சோறு கொண்டுவந்து, எங்களோடு இருந்து அழுத அனைவருக்கும், செய்தி கேட்டு ஓடிவந்த தரகர் நானாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இதை வாசித்துக் காட்டியபோது அம்மா என்னை நிறுத்தினார். "நன்றின்னு எழுதுனா போதுமா? எழவு வீடுன்னு அன்னைக்கு யாருக்கும் ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கல. எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லி எழுதும்மா. இப்பத்தான் நான் நடக்கிறேனே, நானே ஊத்தித் தாரேன்."